பூனை அடிக்கடி தண்ணீர் குடிக்கிறதா? சிறுநீரகத்தைப் பாருங்கள்

வயதான பூனை திடீரென்று தண்ணீர்க் கிண்ணத்தையே சுற்றிச் சுற்றி வந்தால் வீட்டில் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். "இப்பதான் ஒழுங்கா தண்ணி குடிக்குது" என்பார்கள். பூனை விஷயத்தில் இது தலைகீழ். பூனையின் முன்னோர்கள் வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை. உடம்பில் இருக்கும் நீரை வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கிக் கழிப்பதுதான் அதன் சிறுநீரகத்தின் தனித்திறமை. அந்தத் திறமை குறையும்போது சிறுநீர் நீர்த்துப்போகிறது, அளவும் கூடுகிறது. போனதை ஈடுகட்டத்தான் பூனை கிண்ணத்துக்கு ஓடுகிறது. நிறைய குடிப்பதால் நிறைய போகவில்லை. நிறைய போவதால்தான் குடிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் "ராத்திரியெல்லாம் மூத்திரம் போகுது" என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு அதைவிடப் பெரிய தீங்கு செய்ய முடியாது.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய்கள் அவை. செத்த நெஃப்ரான் திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பவை அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். அதனால் மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் வரம்பைத் தாண்ட முக்கால் பங்கு போயிருக்க வேண்டும். "ரிப்போர்ட் நார்மல்" என்ற ஒரு வரியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

ரிப்போர்ட்டுக்கு முன்னாலேயே பேசுவது எடை. நாள்பட்ட சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் 3 வருடம் முன்பிருந்தே பூனைகள் மெல்ல இளைக்கத் தொடங்குவது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆனால் மாதம் 40 கிராம் குறைவதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தைகளை எடைபோடும் தராசு, 10 கிராம் வித்தியாசம் காட்டக்கூடியது, ஒன்று வேண்டும். மனிதர் ஏறும் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது; அந்தத் தராசு 100 கிராம் கூடக் குறையச் சொல்லும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது. 7 வயதுக்கு மேல் மாதம் ஒரு முறை, நோய் உறுதியானபின் வாரம் ஒரு முறை, சாப்பாட்டுக்கு முன் ஒரே நேரத்தில் எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். 4 கிலோ பூனை 3.6 ஆனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்தது போல. சாப்பாடு குறைக்காமல் அப்படி இளைத்தால் காரணம் தேடியாக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். காலையில் 300 மி.லி. அளந்து ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து கழியுங்கள். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஆவியாகும் அளவையும் கழிக்க வேண்டும். மூன்று நாள் சராசரி போதும். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான் என்பதால் அதை மட்டும் தின்னும் பூனை கிண்ணத்தைத் தொடுவதே அபூர்வம். காய்ந்த உணவு தின்னும் பூனை அதைவிட மிக அதிகம் குடிக்கும். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 மி.லி.யைத் தாண்டினால் கவனியுங்கள். 100 மி.லி.யைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம், ஏதோ நோய். உங்கள் பூனையின் பழைய அளவு தெரிந்திருந்தால் இந்தப் பொதுக்கணக்கைவிட அதுதான் பெரிய ஆதாரம். பல பூனைகள் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் வீட்டில் இது நடக்காது. அங்கே பூனை சிறுநீர் கழிக்கும் மணல் தட்டைப் பாருங்கள். கட்டியாகும் மணலில் எலுமிச்சை அளவில் வந்த உருண்டைகள் கைப்பிடி அளவுக்குப் பெருத்து, நாளுக்கு இரண்டு என்பது நான்கு ஐந்து ஆனால் கணக்கு மாறிவிட்டது என்று பொருள்.

நிறைய குடிப்பதும் இளைப்பதும் சர்க்கரை நோய்க்கும் தைராய்டு மிகைக்கும்கூடப் பொருந்தும். ஒரு வித்தியாசம் இருக்கிறது: அந்த இரண்டிலும் பூனை பெரும்பாலும் அகோரப் பசியோடு தின்றுகொண்டே இளைக்கும். சிறுநீரக நோயில் பசி மங்கும். தட்டுவரை ஆசையாக வரும், முகரும், உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், திரும்பிப் போய்விடும். "ருசி பிடிக்கலை போல" என்று நினைப்போம், அது குமட்டல். வெறும் வயிற்றில் விடியற்காலையில் நுரையாக வாந்தி, வாயில் அமோனியா வாடை, முள்முள்ளாகப் பிரிந்து நிற்கும் ரோமம், சின்னச் சின்ன உருண்டையாகக் காய்ந்த மலம், இவையெல்லாம் அதற்கடுத்துச் சேரும். தலையை நிமிர்த்த முடியாமல் மோவாய் நெஞ்சைத் தொடுவதுபோல் தொங்கினால் பொட்டாசியம் இறங்கிவிட்டது. கண்மணி இரண்டும் விரிந்து, சுவரில் முட்டினால் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போனால் பார்வை கொஞ்சமாவது திரும்ப வாய்ப்புண்டு.

இதுவரை சொன்னது வருடக்கணக்கில் வரும் நோய். ஒரே நாளில் சிறுநீரகம் செயலிழப்பது வேறு கதை, அங்கே கணக்கு மணிநேரத்தில். முதல் எதிரி லில்லிப் பூ. லிலியம், ஹெமரோகாலிஸ் ஆகிய இரண்டு இனங்களின் இதழ், இலை, மகரந்தம், பூ வைத்த ஜாடித் தண்ணீர் எல்லாமே விஷம். ரோமத்தில் பட்ட மகரந்தத்தை நக்கினாலே போதும். முதலில் வாந்தி எடுத்துவிட்டுச் சற்றுத் தேறியதுபோல் தெரியும், அதில்தான் ஏமாந்துபோகிறோம். ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீர் நின்றுவிடும். அறிகுறி வரக் காத்திருக்காமல், தின்றது தெரிந்த நொடியே கிளம்ப வேண்டும். அடுத்தது கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால். ஒரு தேக்கரண்டி ஒரு பூனையைக் கொல்லும். மாற்று மருந்து 3 மணி நேரத்துக்குள் போனால்தான் பலன். மூன்றாவது மனிதர் போடும் வலி மாத்திரை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் "கால் மாத்திரைதானே" என்று கொடுக்காதீர்கள்.

ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கி, சொட்டு மட்டும் வந்தால் அல்லது ஒன்றுமே வராவிட்டால் அது மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் கொடுப்பது பெரிய தப்பு. மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. சிறுநீர்ப்பை கல்லுபோல் இறுகி, பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயம் நிற்கும். காலைவரை பொறுக்க வேண்டாம்.

சரி, சோதனை. ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பினால் பாதி வேலைதான் ஆகிறது. சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண், அதே நாளில் வேண்டும். 1.035-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் கெட்டியாக்குகிறது. அதற்குக் கீழே, அதிலும் 1.008 முதல் 1.012 வரை தொடர்ந்து இருந்தால் கெட்டியாக்கவே முடியவில்லை. யூரியா, கிரியேட்டினின் உயர்ந்து ஒப்படர்த்தி 1.050 என்று வந்தால் பழி சிறுநீரகத்தின் மேல் இல்லாமல் நீர்வறட்சியின் மேல் இருக்கலாம். இந்த வேறுபாட்டைச் சிறுநீர் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. டிரிப்ஸ் ஏற்றியபிறகு எடுத்த சிறுநீர் நீர்த்துத்தான் இருக்கும், ஆகவே ஏற்றும் முன்பே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றின் வழியாக ஊசியில் நேரடியாக எடுப்பது பார்க்கப் பயமாக இருந்தாலும் சில நொடி வேலை. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அந்த மாதிரிதான் சுத்தம். நீர்த்த சிறுநீரில் கிருமி எளிதில் குடியேறும், பல சமயம் அறிகுறியே இல்லாமல்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. எலும்பும் தோலுமான பூனைக்கு அது குறைவாகத்தான் காட்டும். அங்கே எஸ்டிஎம்ஏ என்ற சோதனை உதவும், தசையை நம்பி இல்லாதது. தைராய்டு மிகை இருந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து நோயை மூடி மறைத்துவிடும்; தைராய்டுக்கு மருந்து தொடங்கிய சில வாரத்தில் "மருந்தால் கிட்னி போச்சு" என்று தோன்றுவது இதனால். மருந்து கெடுக்கவில்லை, திரையை விலக்கியது. பெர்சியன் வகைப் பூனை என்றால் ஸ்கேனில் நீர்க்கட்டிகளைத் தேட வேண்டும். அது பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதுமான பரம்பரை நோய்.

நிலைகளைப் பிரிப்பது ஐரிஸ் என்ற சர்வதேசக் குழுவின் அளவுகோல். கிரியேட்டினின் 1.6-க்குக் கீழ் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டு, 2.9 முதல் 5.0 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். நீர் வற்றிக் கிடக்கும் பூனையிடம் எடுத்த எண்ணை வைத்து நிலை சொல்லக் கூடாது. 7.0 என்று வந்து, டிரிப்ஸ் முடிந்து சில நாளில் 3.2-இல் நிற்கும் பூனைகள் நிறைய. முதல் நாள் எண்ணைப் பார்த்து நம்பிக்கை இழப்பதும் தப்பு, இறங்கியதும் "குணமாயிடுச்சு" என்று மருந்தை நிறுத்துவதும் தப்பு. இதோடு இரண்டு விஷயம் சேர்த்துப் பார்க்க வேண்டும்: சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.4-ஐத் தாண்டுகிறதா, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 160-ஐத் தாண்டுகிறதா. அழுத்தம் பார்க்கும் முன் பூனையை அமைதியான அறையில் 5, 10 நிமிடம் விட வேண்டும். கூடையிலிருந்து பிடித்து இழுத்த வேகத்தில் எடுத்த அளவு பயத்தின் அளவுதான்.

இனி சாப்பாடு. நோயோடு வருடங்களைக் கூட்டுவதில் சிறுநீரக உணவுக்கு இருக்கும் அளவு ஆதாரம் வேறெந்த மருந்துக்கும் இல்லை. அதன் சூட்சுமம் பாஸ்பரஸ். கெட்ட சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றத் திணறும். அது ரத்தத்தில் தேங்கி, மிச்ச நெஃப்ரான்களையும் அரிக்கும். டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இரண்டாம் நிலையில் 4.6-க்குள், மூன்றில் 5.0-க்குள், நான்கில் 6.0-க்குள் வைப்பது இலக்கு. புரதத்தைக் குறைப்பதுதான் சிறுநீரக உணவு என்று பலர் நினைக்கிறார்கள். பூனை மாமிசப் பிராணி. புரதத்தை அளவுக்கு மீறி வெட்டினால் சொந்தத் தசையைத் தின்னத் தொடங்கும். ஆகவே கடையில் வாங்கும் எந்த உணவானாலும் டப்பாவில் சோடியம் பாஸ்பேட், பொட்டாசியம் பாஸ்பேட் என்று சேர்மானப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்படிச் சேர்க்கும் பாஸ்பேட் இறைச்சியில் இயல்பாக உள்ளதைவிட வேகமாக உடம்பில் ஏறும். கிரேவி வகைகளிலும் தின்பண்டங்களிலும் அடிக்கடி கண்ணில் படும்.

மாற்றுவதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். பழைய உணவை ஒரே நாளில் நிறுத்தி, "பசிச்சா தானா தின்னும்" என்று காத்திருப்பது நாயிடம் பலிக்கலாம், பூனையிடம் ஆபத்து. இரண்டு மூன்று நாள் முழுப்பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுக்கும். முதல் வாரம் நான்கில் ஒரு பங்கு, அடுத்த வாரம் பாதி என்று மூன்று நான்கு வாரம் இழுத்துச் செய்யுங்கள். உணவை உடல்சூட்டுக்கு, சுமார் 38 டிகிரிக்கு, வெதுவெதுப்பாக்கினால் வாசனை கிளம்பும். குமட்டல் இருக்கும்போது புது உணவைக் காட்டவே வேண்டாம். அந்தக் குமட்டலையும் அந்த உணவையும் பூனை முடிச்சுப் போட்டுவிடும், பிறகு ஆயுசுக்கும் அதை முகராது. மருத்துவமனைக் கூண்டில் வைத்து முதன்முதலாகக் கொடுத்த சிறுநீரக உணவு வீட்டில் விலைபோகாததற்குக் காரணம் இதுதான். எவ்வளவு முயன்றாலும் தொடாத பூனைக்குப் பழைய உணவையே கொடுங்கள். சரியான உணவைத் தின்னாமல் கிடப்பதைவிடச் சுமாரான உணவைத் தின்பது மேல்; பாஸ்பரஸுக்கு வேறு வழி இருக்கிறது.

அந்த வழி பாஸ்பேட்டைப் பிணைக்கும் மருந்து. அலுமினியம் ஹைட்ராக்சைடு என்றால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 90 மி.கி. வரை, வேளைகளுக்குப் பிரித்து, உணவோடு கலந்து. உணவில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. வெறும் வயிற்றில் கொடுத்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. மனிதருக்கான அமில மருந்தை அப்படியே ஊற்றாதீர்கள், அதில் மெக்னீசியமும் புதினா வாசனையும் சேர்ந்திருக்கும்.

தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்றுவதைச் சொல்லும்போது பலர் முகம் வெளிறிவிடும். சொல்லிக்கொடுத்தால் வீட்டில் செய்யக்கூடியதுதான். மூன்று, நான்காம் நிலையில் நீர்வறட்சி அடிக்கடி வரும் பூனைக்கு ரிங்கர் லாக்டேட் 75 முதல் 150 மி.லி., தினமோ ஒன்றுவிட்டு ஒரு நாளோ, டாக்டர் குறித்த கணக்குப்படி. பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த திரவம் ஏறினால் பூனை அடுத்த முறை உங்களைக் கண்டாலே ஓடும். பூனையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் பையைத் தொங்கவிட்டு, குழாயில் உள்ள காற்று போகும்வரை கொஞ்சம் ஓடவிடுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில், ஊசியின் சரிவுமுனை மேலே பார்க்க, உடம்புக்கு இணையாகக் குத்துங்கள். 18 அல்லது 20 கேஜ் ஊசி போதும். தடியாகத் தெரிந்தாலும் அதில்தான் சீக்கிரம் முடியும். மெல்லிய ஊசியில் கால் மணி நேரம் பிடித்து வைப்பது பூனைக்கும் உங்களுக்கும் வேதனை.

ரோமம் நனைந்தால் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது. சொட்டு நின்றால் முனை திசுவில் முட்டியிருக்கும். ஊசியை நுனி விரலால் லேசாகத் திருப்பினால் ஓடும். முடிந்ததும் முதுகில் பந்துபோல் வீங்கி, மெல்ல முன்னங்காலுக்கு இறங்கும், சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிவிடும். அடுத்த வேளைக்குள் கரையாவிட்டால் இன்னொரு முறை ஏற்றாமல் டாக்டரைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி. குளுக்கோஸ் கலந்த திரவம் தோலுக்கடியில் கூடாது, புண்ணாகிச் சீழ் பிடிக்கும். இதய நோய் உள்ள பூனைக்கு இந்த நீரே நெஞ்சில் தேங்கும். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பழகுங்கள். 30-ஐத் தாண்டினால் டிரிப்ஸை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள்.

முதல் இரண்டு நிலைகளில் பெரும்பாலான பூனைகளுக்கு இந்த ஊசி தேவையே படாது. ஈர உணவில் ஒன்றிரண்டு கரண்டி தண்ணீர் கலப்பதும், மீசை இடிக்காத அகலக் கிண்ணங்களைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வைப்பதும் போதும்.

மற்ற மருந்துகள் சுருக்கமாக. குமட்டலுக்கு மாரோபிடன்ட். பசிக்கு மிர்டாசபின்: 15 மி.கி. மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு, சிறுநீரக நோயில் ஒன்றுவிட்டு ஒரு நாள். அளவு கூடினால் பூனை இரவெல்லாம் கத்திக்கொண்டு நடக்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 0.625 மி.கி. தினமும், தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் மறுபடி அழுத்தம் பார்க்க வேண்டும். புரதம் கசிந்தால் டெல்மிசார்டன், ஆனால் நீர் வற்றிய பூனைக்கு அதைத் தொடங்கினால் சிறுநீரகம் இன்னும் சரியும். முதலில் நீர், பிறகுதான் மருந்து. பொட்டாசியம் குறைந்தால் குளுக்கோனேட் அல்லது சிட்ரேட். ரத்தசோகை கடுமையானால் டார்பிபோயடின் ஊசியோடு இரும்புச்சத்து. மாத்திரையை விழுங்கவைத்த கையோடு 5 மி.லி. தண்ணீரைச் சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக விடுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

"கிட்னியைச் சுத்தம் செய்யும்" மூலிகைத் துளிகளுக்குச் செலவழிக்கும் பணத்தை ரத்த அழுத்தம் பார்க்கச் செலவழிக்கலாம். இரண்டாம் நிலையில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, மூன்றில் 2 முதல் 4 மாதத்துக்கு ஒரு முறை சோதனை. போகும்போது எடைக் குறிப்பு, தண்ணீர்க் கணக்கு, எத்தனை நாள் வாந்தி, எத்தனை நாள் தட்டைக் காலி செய்தது, எல்லாம் தேதியோடு கையில் இருக்கட்டும். "பரவாயில்லை, தின்னுது" என்பதை வைத்து டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. "பத்து நாளில் நாலு நாள் பாதிதான் தின்றது, 80 கிராம் குறைந்தது" என்றால் மருந்தை மாற்ற முடியும்.

நான்காம் நிலையில் அதே குறிப்பேட்டுக்கு இன்னொரு பயன் வரும். மருந்தெல்லாம் கொடுத்தும் தானாகத் தின்னாத நாள், ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யாத நாள், கட்டிலடியை விட்டு வெளியே வராத நாள் என்று மூன்று கட்டம் போட்டுக் குறித்து வாருங்கள். வாரத்தில் பாதிக்கு மேல் அந்தக் கட்டங்கள் நிரம்பத் தொடங்கினால், வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். பெரும்பாலும் அவர்கள் நீங்கள் கேட்பதற்காகத்தான் காத்திருப்பார்கள்.